விளிம்பில் தொடங்கும் மரபு: சென்னைக் கலை இயக்கமும் அதன்பின் வந்த அருவ ஓவியர்களும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியை மையமாகக் கொண்டு 1950களிலும் 1960களிலும் உருப்பெற்ற சென்னைக் கலை இயக்கத்துக்கும், அதனுள்ளும் அதன் அருகிலும் வளர்ந்த அருவ ஓவியர்களுக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வுறவைத் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் குறியீடுகளில் தேடுகின்றனர். ஓர் ஓவியத்தில் முக்கோணமோ வட்டமோ எழுத்தோ காணப்படின் அதை மரபின் தொடர்ச்சி என்கின்றனர். காணப்படாவிடின் மேலைச் செல்வாக்கு என்கின்றனர். இவ்வளவுகோல் போதாது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். சென்னை இயக்கம் தன்பின் வந்தோர்க்கு விட்டுச்சென்றது ஒரு குறியீட்டுத் தொகுதியன்று, கோட்டைப் பற்றிய ஒரு சிக்கல். ஆகவே இரு நிறங்கள் சந்திக்கும் விளிம்பை நோக்கினால் இவ்வுறவு தெளிவாகத் தெரியும் என்பதைக் கே.சி.எஸ். பணிக்கர், வி. விஸ்வநாதன், கே.எம். ஆதிமூலம், அச்சுதன் கூடலூர், ஆர்.எம். பழனியப்பன் ஆகியோரின் படைப்புகள்வழி இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அருவ ஓவியம், சென்னைக் கலை இயக்கம், சோழமண்டலம், கோடு, விளிம்பு, இந்தியத் தன்மை

1. முன்னுரை

மேலை நாட்டில் ஒருவர் அருவ ஓவியம் வரைந்தால் அவர் எந்த நாட்டு ஓவியர் என்னும் வினா அவ்வளவாக எழுவதில்லை. காண்டின்ஸ்கி தியசாபிக்கல் சிந்தனையிலிருந்து பெற்றவை குறித்து எழுதுவோர், அதனால் அவர் ஓவியம் கடன்பெற்றது என்று கூறுவதில்லை. இந்திய அருவ ஓவியர் நிலை வேறு. அவர் ஓர் இரட்டைக் கேள்விக்கு விடையளித்தாக வேண்டும்: இது மேலை ஓவியத்தின் நகலா? நகலன்று எனில், இதில் இந்தியத் தன்மை எங்கே உள்ளது? இக்கேள்விக்கு விடையாகவே கோலம், இயந்திரம், சோதிடக் கட்டம், ஓலைச்சுவடி முதலியன அருவ ஓவியங்களுக்கு முன்னோடிகளாகக் காட்டப்படுகின்றன. ஓவியத்துக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. ஓவியத்தைப் பார்க்கும் பணி அத்துடன் முடிந்துவிடுகிறது.

வெளித்தொடர்பு மட்டுமே அருவ ஓவியத்தைத் தோற்றுவிக்கும் என்பதும் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. 1922ஆம் ஆண்டிலேயே பௌஹௌஸ் கலைஞர்களான காண்டின்ஸ்கி, பால் க்ளே முதலியோரின் படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆயினும் இந்தியாவில் அருவ ஓவியம் ஒரு பரவலான போக்காக உருவாவதற்கு அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. ஒரு வடிவம் கண்ணில் பட்டதாலேயே அது வேரூன்றிவிடுவதில்லை. அவ்வடிவத்தால் தீர்க்கப்பட வேண்டிய ஒரு சிக்கல் அந்நிலத்து ஓவியர்க்கு ஏற்பட்டிருக்க வேண்டும். சென்னையில் அச்சிக்கல் யாது, பின்வந்தோர் அதை எவ்வாறு கையாண்டனர் என்பனவே இக்கட்டுரையின் வினாக்கள்.

2. 'அருவம்' என்னும் சொல்

தொடங்குமுன் கலைச்சொல் ஒன்றைக் கருத வேண்டியுள்ளது. உலகப் பொருள்களின் உருவத்தைச் சித்திரிக்காத ஓவியத்தைத் தமிழில் 'அருவ ஓவியம்' அல்லது 'அரூப ஓவியம்' என்கிறோம். 'அருவம்' என்னும் சொல் வெறும் எதிர்மறைச் சொல்லன்று. சைவ சித்தாந்தம் இறைவனின் திருமேனியை உருவம், அருவம், அருவுருவம் என மூவகையாகக் கூறும்; இலிங்கத் திருமேனி அருவுருவம் எனப்படும். ஆகவே தமிழில் ஓர் ஓவியத்தை 'அருவ ஓவியம்' என்றழைத்த உடனேயே, கண்ணுக்குப் புலனாகாத ஒரு மெய்ப்பொருளை அது சுட்டுகிறது என்னும் எதிர்பார்ப்பைச் சொல்லே உருவாக்கிவிடுகிறது.

உண்மையில் அருவ ஓவியத்தில் இல்லாதது சித்திரிப்பே, உருவமன்று. ஒரு சிவப்புப் பரப்புக்கு அளவுண்டு, எல்லையுண்டு, தடிப்புண்டு, எடையுண்டு. அது முற்றிலும் கண்ணுக்குப் புலனாவது. வழக்கில் நிலைபெற்றுவிட்டமையால் இக்கட்டுரையும் அச்சொல்லையே ஆள்கிறது; எனினும் அச்சொல் தரும் சமயப் பொருளைத் தவிர்த்தே ஆள்கிறது.

பழந்தமிழ்ச் சொல்லாட்சி மற்றொன்றும் இங்குப் பயன்படும். நெடுநல்வாடையில் 'புனையா ஓவியம்' என்னும் தொடர் வருகிறது. வண்ணம் தீட்டப்படாது கோட்டளவில் நின்ற ஓவியத்தை அது குறிக்கும். கோடே ஓவியத்தின் உடல், வண்ணம் அதன்மேல் செய்யப்படும் புனைவு என்னும் புரிதல் இச்சொல்லாட்சியில் அடங்கியுள்ளது. இதைக் காட்டுவது இருபதாம் நூற்றாண்டு ஓவியங்களுக்குச் சங்க காலத்தில் வேர் தேடுவதற்காக அன்று. கோடு முதன்மை, வண்ணம் துணைமை என்னும் வரிசையைச் சுட்ட நமக்குத் தமிழில் ஒரு சொல் உண்டு என்பதற்காகவே. அவ்வரிசைதான் சென்னையில் முதலில் உறுதிப்பட்டது, பின்னர்க் கேள்விக்குள்ளானது.

3. பணிக்கரும் வாசிக்க இயலாத எழுத்தும்

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி, தேவி பிரசாத் ராய் சௌத்ரி தலைமையில் நுண்கலைக் கல்வி நிறுவனமாக வளர்ந்தது. 1957இல் அவர் ஓய்வுபெற்றபின் கே.சி.எஸ். பணிக்கர் (1911-1977) முதல்வரானார். அதற்கு முன்பே, 1944இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தை அவர் நிறுவியிருந்தார். 1954இல் இலண்டனிலும் பாரீசிலும் அவர்தம் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அப்பயணம் மேலை நவீன ஓவியத்தை அவர்க்கு அணுக்கமாகக் காட்டியது; அதே வேளையில் தமக்குரிய ஓர் ஓவிய மொழி எது என்னும் கேள்வியையும் கூர்மையாக்கியது.

1963இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசை அக்கேள்விக்கு அவர் அளித்த விடையாகும். மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டில் எண்களும் இயற்கணித வாய்பாடுகளும் வடிவியல் படங்களும் ஒரே பக்கத்தில் அமைந்திருந்த தோற்றம் அவ்வரிசைக்குத் தூண்டுகோலாயிற்று. இவ்வோவியங்களின் வெளிறிய பரப்பில் நெருக்கமான எழுத்து வரிகள், கட்டங்கள், சோதிடக் குறிகள், சிறு உருவங்கள் ஆகியன ஓலைச்சுவடியின் அல்லது சாதகக் குறிப்பின் தோற்றத்தில் அமைகின்றன.

இவ்வோவியங்களை முதன்முறை நேரில் கண்டபோது, அவற்றில் எழுதப்பட்டிருப்பது மலையாளம் என்றும், அம்மொழி தெரியாமையாலேயே பொருள் விளங்கவில்லை என்றும் கட்டுரையாளர் எண்ணினார். மலையாளம் அறிந்த நண்பர் ஒருவர் அருகில் நின்று பார்த்தபின், தமக்கும் அவை வாசிக்க இயலாதவையே என்றார். மலையாள வரிவடிவத்தின் வளைவுகளை ஒத்திருந்தும் அவை சொற்களாவதில்லை. அவை வாசிப்பதற்குரியன அல்ல என்பதே பணிக்கரின் நிலைப்பாடும். வாசிக்கத் தெரியாதவர், வாசிக்கத் தெரிந்தவர் ஆகிய இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்துகிறது இவ்வெழுத்து.

இங்கு நிகழ்வதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். எழுத்திலிருந்து பொருள் நீக்கப்பட்டபின் எஞ்சுவது கோடு: கை இடமிருந்து வலமாகச் சென்ற ஓட்டம், அழுத்தம், இடைவெளி. ஆயினும் எழுத்தின் தோற்றம் எஞ்சியிருப்பதால், ஏதோ ஒரு பொருள் உள்ளது என்னும் வாக்குறுதியும் எஞ்சியே நிற்கிறது. பணிக்கர் கோட்டைப் பொருளிலிருந்து விடுவித்தார். பொருளின் நிழலிலிருந்து விடுவிக்கவில்லை. இக்குறைபாடு போலத் தோன்றும் இரட்டை நிலையே அவ்வோவியங்களின் ஆற்றல். பின்வந்தோர்க்கு அவர் விட்டுச்சென்ற சிக்கலும் இதுவே: பொருளைச் சுமக்காத ஒரு கோடு, கோடாகவே நின்று ஓர் ஓவியத்தைத் தாங்குமா? தாங்காதெனில் அதன் இடத்தில் எது நிற்கும்?

4. கோட்டின் ஆட்சி

பணிக்கர் தனித்து நின்றவர் அல்லர். சென்னை இயக்கத்தின் ஓவியம், சிற்பம் ஆகிய இரண்டிலும் கோடு ஓங்கி நின்றது. பி.வி. ஜானகிராமின் உலோகத் தகட்டுச் சிற்பங்களில் கம்பிகள் கோடுகளாக ஒட்டவைக்கப்பட்டு முகமும் அணியும் உருவாகின்றன, ஜே. சுல்தான் அலியின் ஓவியங்களில் எழுத்தும் தொல்குடி உருவங்களும் கோட்டின் வழியே இணைகின்றன.

இதற்குப் பொருளியல் சார்ந்த ஒரு பின்புலமும் உண்டு. சென்னையில் நவீன ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோர் அக்காலத்தில் மிகச் சிலரே. எனவே ஓவியர்கள் கலைஞர் கைவினைச் சங்கத்தின்வழிப் பத்திக் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். அவ்வருவாயின் துணையுடன் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைக்கிராமம் உருவாயிற்று. வருவாய்க்குக் கைவினை, ஓவியத்துக்கு உரிமை என்பது அதன் நடைமுறை. விற்பனையைக் கருதாமல் ஓவியம் வரைய இவ்வேற்பாடு இடமளித்தது என்பது பலரும் கூறுவதே. அதனோடு மற்றொன்றையும் சேர்த்துக் கருதலாம். பத்திக் தொழிலில் துணியின்மீது மெழுகால் இழுக்கப்படும் கோடு சாயத்தைத் தடுக்கிறது; ஒரு நிறம் எங்கு முடிய வேண்டும் என்பதை மெழுகே முடிவுசெய்கிறது. அன்றாடம் கைக்குப் பழகிய அத்தொழிலிலும் கோடே எல்லைக்காவலாக நின்றது. இத்தொழிற்பழக்கத்திலிருந்தே ஓவியம் பிறந்தது என்று கூறுவது மிகையாகும். ஆயினும் கோடு எல்லையை வகுக்க, வண்ணம் அதனுள் அடங்கும் ஒழுங்கு ஓவிய அறைக்கும் கைவினைக் கூடத்துக்கும் பொதுவாக இருந்தது என்பது கருதத்தக்கது.

5. விஸ்வநாதன்: குறியிலிருந்து வடிவத்துக்கு

வி. விஸ்வநாதன் (பிறப்பு 1940) கொல்லம் பகுதியிலிருந்து வந்து பணிக்கரிடம் பயின்றவர். சோழமண்டலத்தை உருவாக்கியவர்களுள் ஒருவர். 1968 முதல் பாரீசில் வாழ்பவர். அவர்தம் தொடக்ககால ஓவியங்களில் இயந்திரங்களை நினைவூட்டும் வடிவியல் அமைப்புகள் காணப்படுகின்றன. 1971இல் இலண்டன் ஹேவர்ட் காட்சிக்கூடத்தில் தாந்திரிகக் கலைக் கண்காட்சி நடைபெற்ற காலச்சூழலில், இந்திய வடிவியல் ஓவியம் அனைத்தையும் 'நவதாந்திரிகம்' என்னும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் பரவியது. 'பிரம்மசூத்திரம்' வரிசையை வரைந்த கே.வி. ஹரிதாசனுக்கு அப்பெயர் பொருந்தலாம். அவர் சமயக் குறியீட்டை அறிந்தே தேர்ந்தவர். விஸ்வநாதனுக்கு அது பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது.

அவருடைய பிற்கால ஓவியங்களில் முக்கோணமும் நாற்கரமும் இருக்கின்றன; ஆனால் அவை மையத்தை நோக்கிக் குவிவதில்லை. இயந்திரத்தின் அடிப்படை மையம். பார்வை அம்மையத்தில் நிலைகொள்ள வேண்டும் என்பதே அதன் பயன். விஸ்வநாதனின் வடிவங்களோ கித்தானின் ஓரங்களை நோக்கி விரிகின்றன. ஒன்றையொன்று வெட்டிக் கடக்கின்றன. அவர் பயன்படுத்தும் கேசீன் வண்ணம், பாலின் புரதத்தைப் பசையாகக் கொண்டது. விரைந்து உலர்ந்து ஒளிராத மங்கிய பரப்பைத் தருவது. அப்பரப்பில் ஒரு நிறமும் மற்றொரு நிறமும் சந்திக்கும் இடத்தில் நேர்கோடு தோன்றுகிறது. அது தனியே இழுக்கப்பட்ட கோடாகத் தோன்றுவதில்லை. இரு பரப்புகள் அடுத்தடுத்து அமைந்ததன் விளைவாகவே தோன்றுகிறது.

பணிக்கரிடம் கோடு பொருளின் நிழலைச் சுமந்தது. விஸ்வநாதனிடம் அது அளவையின் பதிவாக மாறுகிறது. இந்தியக் கடற்கரை நெடுகப் பயணம்செய்து மணல் திரட்டியும், 'மணல்' என்னும் திரைப்படத்தை எடுத்தும் அவர் மேற்கொண்ட முயற்சியையும் இதனோடு இணைத்து எண்ணலாம். நிலமும் நீரும் சந்திக்கும் கரை என்பதும் ஒரு விளிம்பே. அதை எவரும் இழுப்பதில்லை. இரண்டு பொருள்கள் சந்திப்பதால் அது உண்டாகிறது.

6. ஆதிமூலம்: பிரித்துவைக்கப்பட்ட கோடு

திருச்சி மாவட்டம் துறையூர் அருகேயுள்ள கீராம்பூரில் பிறந்த கே.எம். ஆதிமூலம் (1938-2008) தமிழ் வாசகர்க்கு ஓவியர் என்பதைவிடக் கோட்டோவியர் என்றே முதலில் அறிமுகமானவர். காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களும், அரசர்களைப் பற்றிய மையோவியங்களும், சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் அளித்த சித்திரங்களும் தலைப்பெழுத்துகளும் தமிழ் அச்சுலகின் தோற்றத்தையே மாற்றின. கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்கு அவர் வரைந்த ஓவியங்களை அன்றைய வாசகர் எளிதில் மறந்திரார்.

இத்தகைய கோட்டு வல்லுநர் தம் எண்ணெய் வண்ண ஓவியங்களில் கோட்டை ஏறத்தாழ முழுவதும் கைவிட்டார் என்பது விளக்கம் வேண்டுவது. அவருடைய அருவ ஓவியங்களில் தடித்த வண்ணம் அகன்ற பட்டைகளாகப் படிந்து, நிலப்பரப்பை நினைவூட்டும் அடுக்குகளாகிறது. நீலம், பச்சை, மஞ்சட்காவி ஆகியன ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. ஒரு பட்டை முடியும் இடத்தில் வண்ணமே வரம்பு கட்டுகிறது. அவ்வரம்பின் உயரத்தைப் பக்க ஒளியில் காண முடியும். பிரெஞ்சு ஓவியர் நிக்கோலா த ஸ்தாயெல் 1950களில் வண்ணத்தைக் கனத்த பலகைகள்போல அடுக்கி நிலக்காட்சிக்கும் அருவத்துக்கும் இடையில் நின்றதை இது நினைவூட்டும். ஆனால் நினைவூட்டல் வேறு, விளக்கம் வேறு. ஆதிமூலத்தின் தேவையைச் சென்னையில்தான் தேட வேண்டும்.

அத்தேவையை இவ்வாறு கருதலாம். அவரிடம் கோடு மிகுந்த ஆற்றல் பெற்றிருந்தது. அது தொட்ட இடமெல்லாம் முகமாயிற்று, உடையாயிற்று, எழுத்தாயிற்று. அக்கோடு கித்தானுக்குள் நுழைந்தால் வண்ணம் மீண்டும் புனைவாகவே தாழ்ந்துவிடும். ஆகவே கோட்டுக்குத் தாளையும் மையையும் ஒதுக்கினார்; வண்ணத்துக்குக் கித்தானை ஒதுக்கினார். ஒரே கை இருவேறு தொழில்களைப் பிரித்துச் செய்தது. அவருடைய அருவ ஓவியங்களைத் திணைக் கோட்பாட்டால் விளக்கி, பச்சையை முல்லை என்றும் மஞ்சளைப் பாலை என்றும் வாசிக்கும் ஆவல் தமிழ் ஆய்வாளர்க்கு எழுதல் இயல்பே. ஆனால் அவ்வாசிப்பு, அவர் கோட்டிலிருந்து விலக்கிவைத்த வண்ணத்தை மீண்டும் சொல்லுக்குள் அடைத்துவிடும். பணிக்கரின் வாசிக்க இயலாத எழுத்தை வலிந்து வாசிப்பதற்கு அது ஒப்பாகும்.

7. அச்சுதன் கூடலூர்: கோடற்ற விளிம்பு

மேற்கூறிய இருவரும் கல்லூரியின் உள்ளிருந்து வந்தவர்கள். அச்சுதன் கூடலூர் (1945-2022) அவ்வாறு வந்தவர் அல்லர். கட்டடப் பொறியியல் பயின்று தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். இளமையில் மலையாளத்தில் சிறுகதைகள் எழுதியவர். கல்லூரி வளாகத்தில் மாலை வேளையில் கூடிய மெட்ராஸ் ஆர்ட் கிளப்பில் வரையப் பழகினார். 1988இல் தேசிய அகாதமி விருது பெற்றார்.

பொறியியல் வரைபடமும் எழுத்தும் அறிந்த ஒருவர்க்குக் கோடு அந்நியமாக இருந்திருக்க இயலாது. வரைபடத்தில் கோடு தவறினால் சுவர் தவறும். தொடக்கத்தில் அவர் மனித உருவங்களையே வரைந்தார். அவற்றை விட்டு அருவத்துக்கு வந்தபின் அவர் ஓவியத்தில் கோடு எல்லையாகப் பணிபுரிவதில்லை. ஒரு சிவப்பு மற்றொரு சிவப்பின்மீது படர்கிறது. அடியிலிருந்த நீலம் இடுக்குகளில் தெரிகிறது. ஓர் இடத்தில் ஒரு நிறம் முடிந்ததா, அடுத்தது தொடங்கியதா என்பதைக் கண் உறுதிசெய்ய முயன்று தோற்கிறது. கோடுபோன்ற கீறல் ஆங்காங்கே தோன்றினும் அது எதையும் சூழ்ந்து அடைப்பதில்லை; பரப்பின்மேல் ஓடி மறைகிறது. பெரும்பாலான ஓவியங்களுக்கு அவர் தலைப்பிடவில்லை என்பதும் இதனோடு பொருந்துகிறது.

கூடலூர், பாரதப்புழையின் கரையிலுள்ள ஊர், எழுத்தாளர் எம்.டி. வாசுதேவன் நாயரின் ஊரும் அதுவே. ஆகவே இவ்வோவியங்களின் நீலத்தையும் பச்சையையும் அவ்வாற்றின் நினைவாக விளக்குதல் எளிது. அவ்விளக்கம் பொய் என்று கூற வேண்டியதில்லை. ஆனால் அவருடைய சிவப்பு ஓவியங்களின் முன் அது பேச்சற்றுப் போகிறது. ஓர் ஓவியரின் ஒரு பகுதி ஓவியங்களுக்கு மட்டும் பொருந்தும் விளக்கம் அவர் வாழ்க்கைக்கு விளக்கமாகலாம், ஓவியத்துக்கு விளக்கமாகாது.

சென்னை இயக்கத்துடன் இவர்க்குள்ள உறவு மறுப்பின் வழியாக அமைந்த உறவு. 'புனையா ஓவியம்' என்னும் சொல்லாட்சி உணர்த்தும் வரிசையை இவர் தலைகீழாக்குகிறார்: இங்கே வண்ணமே உடல், கோடு இருக்குமாயின் அதுவே புனைவு. இம்மறுப்பு வெற்றிடத்தில் நிகழ்ந்ததன்று. கோடு அத்தனை வலிமையாக ஆண்ட ஒரு நகரில், அக்கல்லூரியின் வளாகத்திலேயே அது நிகழ்ந்தது. பம்பாயிலோ தில்லியிலோ இதே ஓவியத்துக்கு இதே பொருள் இருந்திராது.

8. பழனியப்பன்: திரும்பிவரும் எண்

தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன் (பிறப்பு 1957) பதிப்போவியத் துறையில் அறியப்பட்டவர். அடுத்த தலைமுறையைச் சார்ந்தவர். அவர் படைப்புகளில் எண்களும் அளவைக் குறிகளும் ஆவணத்தின் தோற்றமும் மீண்டும் வருகின்றன. மேலோட்டமாக நோக்கின் பணிக்கர் திரும்பிவிட்டார் என்று தோன்றும். குறியீட்டை அளவுகோலாகக் கொள்ளும் திறனாய்வு இங்கே தயக்கமின்றித் தொடர்ச்சி என்று எழுதிவிடும்.

ஆனால் செயல்முறை வேறு. பணிக்கரின் வாய்பாடுகள் எதையும் கணக்கிடாதவை. பழனியப்பனின் அக்கறை இயக்கத்தின்மீது உள்ளது: ஒரு புள்ளி வெளியில் நகரும்போது அது காலத்தில் விட்டுச்செல்லும் தடம் எது? அவருடைய கோடு ஒரு பொருளைச் சூழ்வதில்லை. எழுத்தைப் போலி செய்வதுமில்லை. பறத்தலின் பாதையைப்போல ஓரிடத்தில் தொடங்கி விரைந்து வளைந்து வெளியேறுகிறது. பதிப்போவியத்தின் தொழில்நுட்பமும் இதற்குத் துணைநிற்கிறது. தகட்டிலோ கல்லிலோ ஏற்பட்ட தடம் தாளுக்கு மாற்றப்படுகிறது. ஆகவே அங்கே ஒவ்வொரு கோடும் முன்னரே நிகழ்ந்த ஒன்றின் பதிவு. பணிக்கர் எழுப்பிய வினாவுக்கு இவர் தரும் விடை, பொருளைச் சுமக்காத கோடு நிகழ்வைச் சுமக்கலாம் என்பதாகும்.

9. எழக்கூடிய மறுப்புகள்

இவ்வாதத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, சென்னை இயக்கம் முழுவதையும் கோட்டின் ஆட்சியாகக் காண்பது பொதுமைப்படுத்தல் ஆகாதா என்பது. இம்மறுப்பில் உண்மை உண்டு. எல். முனுசாமி தூரிகை வீச்சையும் வண்ணப் பரப்பையும் முதன்மைப்படுத்தியவர். அவர் அக்கல்லூரியின் ஆசிரியரும் ஆவார். எனவே கோட்டுக்கு எதிரான வழியும் இயக்கத்தின் உள்ளேயே இருந்தது. ஆயினும் இது வாதத்தைத் தளர்த்துவதில்லை, திருத்துகிறது. கோடு அங்கே ஒருமித்து ஏற்கப்பட்ட விதியாக இருக்கவில்லை; எல்லாரும் ஏதேனும் ஒருவகையில் விடையளிக்க வேண்டியிருந்த வினாவாக இருந்தது. அச்சுதன் கூடலூரின் மறுப்புக்கும் அதனுள் முன்னோடி உண்டு என்றாகிறது.

இரண்டாவது மறுப்பு வலியது. கோடு, விளிம்பு என்று பேசுவது வடிவவாதம் ஆகாதா? சமூகத்தையும் பண்பாட்டு அடையாளத்தையும் அது மறைத்துவிடாதா? விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் தமக்குரிய ஓவிய மொழியை நாடிய ஒரு தலைமுறையின் வேட்கையை இக்கட்டுரை மறுக்கவில்லை. பணிக்கரே அவ்வேட்கையால் இயங்கியவர். ஆனால் வேட்கை வேறு, ஓவியத்தில் நிகழ்வது வேறு. பத்திக் தொழிலின் மெழுகு, பொதுப்பணித் துறையின் வரைபடம், சிற்றிதழின் தலைப்பெழுத்து ஆகியன சமூகத்துக்குப் புறம்பானவை அல்ல. விளிம்பை நோக்கும் பார்வை அவற்றை ஓவியத்துக்குள் கொண்டுவருகிறது. 'இந்தியத் தன்மை' என்னும் பொதுச்சொல்லோ அவற்றை வெளியே நிறுத்திவிடுகிறது. எல்லா ஓவியர்க்கும் ஒரே சான்றிதழை வழங்கும் சொல், எந்த ஓவியரையும் வேறுபடுத்திக் காட்டாது.

10. நிறைவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு. சென்னைக் கலை இயக்கத்திலிருந்து அருவ ஓவியர்கள் பெற்றது குறியீடுகளின் பட்டியலன்று. கோடு எதைச் சுமக்க வேண்டும் என்னும் வினா. விஸ்வநாதன் கோட்டைப் பரப்புகளின் சந்திப்பாக மாற்றினார். ஆதிமூலம் அதை வண்ணத்திலிருந்து பிரித்து வேறோர் இடத்தில் வாழவைத்தார். அச்சுதன் கூடலூர் அதன் எல்லைக்காவலை நீக்கினார். பழனியப்பன் அதை நிகழ்வின் பதிவாக மீட்டார். இந்நால்வருள் குறியீட்டளவில் பணிக்கருக்கு மிக அணுக்கமாகத் தோன்றுபவர் பழனியப்பன். மிகத் தொலைவில் தோன்றுபவர் அச்சுதன் கூடலூர். சிக்கலளவில் நால்வரும் ஒரே தொலைவில் நிற்கின்றனர். மறுத்தவரும் மரபுக்குள்ளேயே அடங்குவர். ஏனெனில் மறுப்பதற்குரிய ஒன்றை அவர்க்கு அம்மரபே தந்தது.

தமிழில் அருவ ஓவியம் குறித்த எழுத்து பெரும்பாலும் ஓவியரின் வாழ்க்கை, பேட்டி, தத்துவம் ஆகியவற்றைச் சார்ந்தே அமைகிறது. ஓவியப் பரப்பைக் கண்ணால் பின்தொடர்ந்து எழுதும் முறை நம்மிடம் இன்னும் போதிய அளவு வளரவில்லை. 2009 முதல் சோழமண்டலத்தில் இயங்கும் அருங்காட்சியகத்தில் இவ்வியக்கத்தின் படைப்புகள் காட்சிக்கு உள்ளன. சென்னையிலுள்ள ஆய்வாளர் ஒரு பேருந்துப் பயணத்தில் அவற்றை அடையலாம். அங்குச் செல்லும் மாணவர் 'இது எதைக் குறிக்கிறது?' என்னும் கேள்வியைச் சற்றே ஒத்திவைத்து, 'இவ்விரு நிறங்களும் இங்கே எவ்வாறு சந்திக்கின்றன?' என்று தொடங்குவாராயின், மரபு குறித்த கேள்விக்கும் அவ்விடத்திலிருந்தே விடை கிடைக்கத் தொடங்கும்.